கரடியிடமிருந்து தற்காத்துக்கொள்ளக் கைத்துப்பாக்கியும் தோட்டாவும்: அலாஸ்கா செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆங்கரேஜில் குடியேறிய நாள்முதல் கோடைதோறும் எங்கள் வீட்டிற்கு விருந்தினர் வருகிறார்கள். கீனாய் ஆற்றில் சால்மன் பிடிக்கவோ டெனாலிப் பக்கம் நடக்கவோ புறப்படுவதற்கு முந்தைய இரவில், பேச்சு தவறாமல் கரடியில் வந்து நிற்கும். கரடியிலிருந்து துப்பாக்கிக்குத் தாவும். ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவரும் விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

கரடி இருக்கும் காட்டுக்குப் போகிற எல்லோரும் துப்பாக்கி வைத்திருக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. அலாஸ்காவில் ஏறத்தாழ 30,000 பழுப்புக் கரடிகளும் 1,00,000 கறுப்புக் கரடிகளும் வாழ்கின்றன என்பது பொதுவான மதிப்பீடு. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மனித வாடை பட்டதும் விலகிப் போய்விடும். கூட்டமாக நடப்பது, புதர் மண்டிய வளைவுகளில் உரக்கப் பேசுவது, உணவைக் கரடியால் திறக்க முடியாத கலனில் இட்டுக் கூடாரத்திலிருந்து தள்ளி வைப்பது ஆகிய மூன்றும் எந்தத் தோட்டாவையும்விட அதிக உயிர்களைக் காக்கின்றன.

அதற்கு அடுத்த அரண், மிளகாய்க் காரத்தைக் கரடியின் முகத்தில் பீய்ச்சும் குப்பியான கரடி ஸ்ப்ரே. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் ஸ்ப்ரே பயன்படுத்தப்பட்ட 83 நிகழ்வுகளை ஆராய்ந்தது. பழுப்புக் கரடிகளை 92 விழுக்காடும் கறுப்புக் கரடிகளை 90 விழுக்காடும் ஸ்ப்ரே தடுத்திருந்தது. அவர்களே 2012-இல் துப்பாக்கி சார்ந்த 269 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, கைத்துப்பாக்கிக்கு 84 விழுக்காடும் நீள் துப்பாக்கிக்கு 76 விழுக்காடும் வெற்றி கிடைத்திருந்தது. மேலும், கையில் துப்பாக்கி இருந்தவர்கள் சுட்டாலும் சுடாவிட்டாலும் காயமடைந்த விகிதம் ஒன்றாகவே இருந்தது. இவ்விரு ஆய்வுகளின் எண்களையும் அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியன்று. ஸ்ப்ரே பட்டியலில் உணவு தேடியோ வேடிக்கை பார்க்கவோ நெருங்கிய கரடிகளும் அடங்கும். ஆனால் துப்பாக்கி இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு இவற்றில் இடமில்லை.

ஸ்ப்ரே அவ்வளவு நல்லதென்றால் துப்பாக்கியை ஏன் சுமக்க வேண்டும்?

எதிர்க்காற்று வலுவாக அடித்தால் ஸ்ப்ரே நம் முகத்துக்கே திரும்பும். அடைமழையிலும் கடுங்குளிரிலும் அதன் வீச்சு குறையும். கூடாரத்துக்குள் அடித்தால் கரடியோடு நாமும் மூச்சுத் திணறுவோம். ஒரு குப்பி பெரும்பாலும் 6 முதல் 9 நொடிகளில் தீர்ந்துவிடும். அதன் பிறகும் விடாமல் பின்தொடரும் கரடி, அரிதாயினும், உண்டு. கறி வெட்டிச் சுமக்கும் வேட்டைக்காரருக்கும், மீன் நாற்றத்தோடு நாள் முழுதும் ஆற்றில் நிற்பவருக்கும் இந்த அரிதான நிலை சற்றுப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே கைத்துப்பாக்கியை ஸ்ப்ரேயின் இடத்தில் வைக்காமல், ஸ்ப்ரேக்குப் பின்னால் வைக்கும் இறுதி அரணாக எண்ணுங்கள். நான் இரண்டையும் சுமக்கிறேன். எட்டும் வசதியில் முதலிடம் ஸ்ப்ரேக்கு.

ரைபிளோ ஷாட்கன்னோ இன்னும் வலுவானதுதானே? பிறகு எதற்குக் கைத்துப்பாக்கி?

வலுவானதுதான், அதில் ஐயமே இல்லை. .30-06 ரைபிள் தோட்டாவின் ஆற்றல் 4,000 ஜூல் அளவை நெருங்கும்; 12 கேஜ் ஷாட்கன்னின் ஸ்லக் என்னும் ஒற்றைப் பெருங்குண்டு 3,400 ஜூல் அளவில் இருக்கும். காயம்பட்ட கரடியைத் தேடிப் புதருக்குள் நுழையும் வழிகாட்டி ஒருவரும் கைத்துப்பாக்கியை நம்பிப் போவதில்லை.

ஆனால் தூண்டில் போடுபவரின் ரைபிள் பத்தடி தள்ளி ஒரு மரத்தில் சாய்ந்திருக்கும். விறகு பொறுக்குபவரின் ஷாட்கன் கூடாரத்தில் கிடக்கும். கரடி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. 30 மீட்டர் தொலைவை இரண்டு நொடிகளில் கடந்துவிடும். உறங்கும் நேரம் தவிர மற்றெல்லா நேரமும் உடலிலேயே இருக்கும் என்பது ஒன்றே கைத்துப்பாக்கியின் பெருமை. அதை ஓர் ஓரத்தில் கழற்றி வைத்தால் அந்தப் பெருமையும் போய்விடும்.

எந்தக் கரடிக்கு எந்தக் காலிபர் வேண்டும்?

முதலில் கரடி. கறுப்புக் கரடியின் ஆண் பெரும்பாலும் 100 முதல் 150 கிலோ வரை இருக்கும். கிரிஸ்லியும் பழுப்புக் கரடியும் ஒரே இனமே. உள்நாட்டு மலைகளில் வாழ்வதைக் கிரிஸ்லி என்றும், சால்மன் தின்று கொழுத்த கடலோரக் கரடியைப் பழுப்புக் கரடி என்றும் வழங்குகிறார்கள். கோடியாக் தீவின் பெரிய ஆண் 600 கிலோவைத் தாண்டும்.

இனித் தோட்டா. காலிபர் என்பது தோராயமாகக் குண்டின் விட்டம்; புள்ளியில் தொடங்குபவை அங்குலக் கணக்கு. குழலின் நீளத்தைப் பொறுத்தும் தயாரிப்பைப் பொறுத்தும் மாறும் என்ற எச்சரிக்கையோடு தோராயமான ஆற்றலைச் சொல்கிறேன்: 9 மிமீ 500 ஜூல்; .357 மேக்னம், 10 மிமீ ஆட்டோ இரண்டும் 900 ஜூல்; .44 மேக்னம் 1,300 ஜூல்; .454 கேசுல் 2,400 ஜூல்; .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 3,500 ஜூல். கறுப்புக் கரடி மட்டுமே இருக்கும் நாட்டில் .357 போதும். பழுப்புக் கரடி நாட்டில் 10 மிமீ என்பதைக் கீழ் எல்லையாகவும், .44 மேக்னம் என்பதைப் பெரும்பாலானோர் கட்டுப்படுத்தக்கூடிய மேல் எல்லையாகவும் நான் கொள்கிறேன். அதற்கு மேலே இருப்பவை வலிமையில் குறைந்தவை என்பதால் நான் விலக்கவில்லை. முதல் குண்டு தவறினால் இரண்டாவதைக் குறிபார்த்துச் சுடும் நேரத்தை அவற்றின் பின்னுதை தின்றுவிடுகிறது என்பதால் விலக்குகிறேன்.

என்னிடம் ஏற்கெனவே 9 மிமீ பிஸ்டல் இருக்கிறது. அது ஒன்றுக்கும் உதவாதா?

2016-இல் அலாஸ்காவில் அனுபவம் மிக்க வழிகாட்டி ஒருவர், மீன்பிடிக்க அழைத்துச் சென்ற விருந்தினர்மீது பாய்ந்த பழுப்புக் கரடியை 9 மிமீ பிஸ்டலால் கொன்றார். இந்தச் செய்தியைக் காட்டித்தான் பலர் இக்கேள்வியைக் கேட்கிறார்கள். அவர் பயன்படுத்தியது வீட்டுப் பாதுகாப்புக்கான சாதாரணத் தோட்டா அன்று. ஆழமாகத் துளைப்பதற்கென்றே கடின ஈயத்தில் வார்த்த குண்டு. சுட்ட கையும் பல்லாண்டுகள் கரடிகளுக்கிடையே பழகிய கை.

ஆகவே என் விடை இதுதான்: வெறுங்கையைவிட 9 மிமீ மேல், அத்தகைய கடின வார்ப்புக் குண்டு இட்டால் இன்னும் மேல். ஆனால் புதிதாகப் பணம் கொடுத்து வாங்கப் போகிறவர், கடலோரக் கரடிக்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ரிவால்வரா, பிஸ்டலா?

மற்றெல்லாக் கேள்விகளையும்விட நீண்ட வாக்குவாதத்தைக் கிளப்பும் கேள்வி இது. ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் சிலிண்டரின் அறைகளில் இருக்கும்; பிஸ்டலில் பிடிக்குள் செருகும் மேகசின் என்னும் பெட்டியில் இருக்கும். .44 மேக்னம் 1955-இல் ரிவால்வருக்கென்றே வந்தது. அரை நூற்றாண்டு காலம் அலாஸ்காவில் அதற்கு இணை இல்லை. 1983-இல் 10 மிமீ ஆட்டோ வந்த பிறகு, குறிப்பாகக் கிளாக் 20 போன்ற பிஸ்டல்கள் பரவிய பிறகு, நிலைமை மாறியது. வடகிழக்குக் கிரீன்லாந்தில் நாய் பூட்டிய பனிச்சறுக்கு வண்டிகளில் ரோந்து செல்லும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர், பனிக்கரடிக்கு எதிராக இடுப்பில் வைத்திருப்பது இந்தக் கிளாக் 20-ஐத்தான். ரைபிளும் உடன் இருக்கும்.

பிஸ்டலின் பக்கம் உள்ளவை: மேகசினில் 15 தோட்டாக்கள், மென்மையான பின்னுதை, ஒவ்வொரு முறையும் ஒரே சீரான விசை இழுப்பு. ரிவால்வரின் பக்கம் உள்ளவை: கனத்த குண்டு, ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மீண்டும் இழுத்தாலே அடுத்தது வந்துவிடும் எளிமை, எல்லாவற்றுக்கும் மேலாக, கரடி மேலே விழுந்த நிலையில் அதன் உடலில் அழுத்தியும் சுட முடியும் என்ற உறுதி. பிஸ்டலின் முனையை உடலில் அழுத்தினால் மேற்பகுதி சற்றுப் பின்னுக்குத் தள்ளப்பட்டு, சுடாமலே போய்விடக்கூடும். கீழே விழுந்து, ஒற்றைக் கையால், மணிக்கட்டுத் தளர்ந்து சுடும்போது பிஸ்டலில் தோட்டா சிக்குவதற்கும் வாய்ப்பு மிகுதி.

துப்பாக்கிக்குப் புதியவரிடம் நான் 10 மிமீ பிஸ்டலைத்தான் பரிந்துரைக்கிறேன். தோட்டா ஏற்றிய நிலையிலும் அது ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். நான்கு அங்குலக் குழலுள்ள எஃகு .44 ரிவால்வர் காலியாகவே 1.2 கிலோ. ஒரே இழுப்பில் சுத்தியலைப் பின்னிழுத்து விடுவிக்கவும் செய்யும் இரட்டைச் செயல் விசையின் நீண்ட, கனத்த இழுப்பில் நேராகச் சுடக் கற்றுக்கொள்ள ஓராண்டுப் பயிற்சியாவது ஆகும். அந்தப் பயிற்சி உள்ளவருக்கு ரிவால்வரை மாற்றச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

கடையில் ஹாலோ பாயின்ட் தோட்டாதான் தற்காப்புக்குச் சிறந்தது என்றார்கள். அதையே போடலாமா?

கூடாது. ஹாலோ பாயின்ட் என்னும் குழிமுனைக் குண்டு, உடலில் பட்டதும் காளான்போல் விரிந்து, அதிக ஆழம் போகாமல் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் அளவுகோலே சோதனை ஜெலாட்டினில் 12 முதல் 18 அங்குலம் வரைதான். மனிதத் தாக்குதலாளருக்கு அது பொருந்தும். கரடிக்கோ அடர்ந்த மயிர், கொழுப்பு, தோள்தசை, கனத்த எலும்பு எல்லாவற்றையும் கடந்த பிறகுதான் உயிர்நிலை. விரிந்த குண்டு தோளிலேயே நின்றுவிட்டால், வலியால் வெறிகொண்ட விலங்கு மட்டுமே மிஞ்சும்.

நமக்கு வேண்டியது ஆழம். அதிலும் நேர்க்கோட்டில் செல்லும் ஆழம். ஈயத்தோடு ஆன்டிமனியும் தகரமும் கலந்து கடினமாக வார்த்து, மூக்கை அகலமாகவும் தட்டையாகவும் விட்ட குண்டு எலும்பில் பட்டாலும் உருக்குலையாமல் நேராகச் செல்லும். உருண்டை மூக்குள்ள குண்டும் ஆழமாகப் போகும்; ஆனால் உள்ளே புரண்டு திசைமாறும், மண்டைச் சரிவில் வழுக்கவும் செய்யும். முழுச் செம்பில் கடைந்த தட்டை மூக்குக் குண்டுகள் கடின வார்ப்புக்கு நல்ல மாற்று, விலைதான் அதிகம்.

எடையைப் பெட்டியில் கிரெய்ன் கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். 15 கிரெய்ன் ஏறத்தாழ ஒரு கிராம். .357-க்கு 180, 10 மிமீக்கு 200 அல்லது 220, .44-க்கு 300 அளவில், .454-க்கு 300-க்கு மேல் என்று தேர்ந்தெடுங்கள். ஒரே காலிபரில் இலேசான, வேகமான குண்டுக்கும் கனத்த, நிதானமான குண்டுக்கும் இடையே தயங்கினால் கனத்ததை எடுங்கள்.

கிளாக் குழலில் ஈயக் குண்டைச் சுடக் கூடாது என்று படித்தேன். நீங்கள் கடின வார்ப்பு என்கிறீர்களே?

நல்ல கேள்வி. கிளாக்கின் மரபான குழல்களில் குண்டைச் சுழலவைக்கும் கூர்மையான வரிகளுக்குப் பதில் வழவழப்பான பலகோண வளைவுகள் இருக்கும். உறையிடாத ஈயம் அவற்றில் படிந்து படிந்து அழுத்தத்தை உயர்த்தக்கூடும் என்பதால் அந்நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது. ஒரு மேகசின் அளவு சுட்டவுடன் குழல் வெடித்துவிடாது. நூற்றுக்கணக்கில் துடைக்காமல் சுடுவதில்தான் ஆபத்து.

மூன்று வழிகள் உண்டு. பாலிமர் பூச்சிட்ட கடின வார்ப்பு வாங்கலாம். சாதாரண வரிகள் வெட்டிய மாற்றுக் குழலைப் பொருத்தலாம். செம்புக் குண்டுக்கு மாறலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது. எதைச் செய்தாலும், காட்டுக்கு எடுத்துச் செல்லும் அதே தோட்டாவில் 50-ஐயாவது அதே துப்பாக்கியில் முன்கூட்டியே சுட்டு, சிக்காமல் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சுமக்க எளிது என்று எடை குறைந்த .44 ரிவால்வர் வாங்கினேன். மூன்றாவது சுற்றில் சிலிண்டர் சுழலவே இல்லை. பழுதான துப்பாக்கியா?

பெரும்பாலும் பழுது துப்பாக்கியில் இருக்காது. 700 கிராம் எடையுள்ள, ஸ்கேண்டியம் கலந்த இலேசான உலோக ரிவால்வரில் முழு .44 மேக்னம் சுடும்போது, துப்பாக்கி மிகக் கடுமையாகப் பின்னுக்குத் தாவுகிறது. இன்னும் சுடாத தோட்டாக்களின் கூடுகள் அதனோடு பின்னே போக, குண்டுகள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்று, மெல்ல மெல்லக் கூட்டிலிருந்து வெளியே நீள்கின்றன. ஒன்று சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீண்டதும் துப்பாக்கியின் சட்டகத்தில் முட்டிச் சுழற்சியை நிறுத்திவிடும். கரடி முன்னால் நிற்கும்போது இதைச் சரிசெய்ய நேரமே கிடைக்காது.

சோதிக்கும் முறை எளியது. ஒரு தோட்டாவின் நீளத்தை அளந்து கடைசி அறையில் இடுங்கள். மற்ற ஐந்தையும் சுட்டுவிட்டு, சுடாத அதை எடுத்து மீண்டும் அளந்து பாருங்கள். நீண்டிருந்தால் கூட்டின் வாயை இறுக்கமாக மடித்த வேறு தயாரிப்புக்கு மாறுங்கள். அப்படியும் நீண்டால் கனத்த எஃகு ரிவால்வருக்கு மாறுவதைத் தவிர வழியில்லை.

இடுப்பில் மாட்டினால் முதுகுப்பையின் பட்டை தடுக்கிறது. எங்கே மாட்டுவது?

மார்பில். பையின் இடுப்புப் பட்டையும், மீன் பிடிக்க அணியும் நீர்புகா முழுக்காற்சட்டையும் இடுப்பு உறையை மூடிவிடுவதால்தான், மார்புக்குக் குறுக்கே சாய்வாகத் தொங்கும் உறை இங்கே இவ்வளவு வழக்கமாயிற்று. உட்கார்ந்தாலும் படுத்தாலும் இரு கைகளாலும் எட்டும். விசையை முழுதும் மூடும் உறையாக இருக்கட்டும். மழைச்சட்டையை அதற்கு மேலே அணிந்து பொத்தானிட்டுவிட்டால் இத்தனை ஏற்பாடும் வீண்.

எவ்வளவு பயிற்சி போதும்?

ஏழு மீட்டர் தொலைவில், ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இலக்கில், உறையிலிருந்து உருவி இரண்டரை நொடிக்குள் இரண்டு குண்டுகளைப் பதிக்க முடியும்வரை, மீன்பிடிக் கோலை இடது கையிலிருந்து கீழே போட்டுவிட்டு உருவும் பழக்கத்தையும் சேர்த்து. இது நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவு. பழைய டயருக்குள் அட்டையைப் பொருத்திச் சரிவில் உருட்டிவிட்டு, துள்ளி வரும் அதைச் சுட்டுப் பழகுவோரும் உண்டு. சுடுகளத்தின் விதி இடங்கொடுத்தால் அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

மேக்னம் தோட்டாவிலேயே தொடங்கினால் பின்னுதையை எதிர்பார்த்துக் கையை வெட்டி இழுத்துச் சுடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். .44 மேக்னத்தில் .44 ஸ்பெஷலையும், .454 கேசுலில் .45 கோல்ட்டையும், .357-இல் .38 ஸ்பெஷலையும் இட்டுச் சுடலாம். அவற்றில் பழகி, மெல்ல உயருங்கள். குட்டைக் கூடுகள் அறைக்குள் விட்டுச்செல்லும் கரிவளையத்தைத் துடைத்த பிறகே நீளத் தோட்டாவை இட வேண்டும்.

பாய்ந்து வரும் கரடியை எங்கே சுட வேண்டும்? முதலில் வானத்தை நோக்கி எச்சரிக்கை வெடி வைக்கலாமா?

நேரே ஓடிவரும் கரடி தலையைத் தாழ்த்தியிருக்கும்; தலை மேலும் கீழும் ஆடும். நெற்றி உயரத்தில் படும் குண்டு மூளைக்கு மேலாகச் சென்றுவிடக்கூடும், ஏனெனில் மூளை நாம் நினைப்பதைவிடத் தாழ்வாகவும் பின்னாலும் இருக்கிறது. ஆகவே முகவாய்க்குக் கீழே, மார்பின் நடுவைக் குறிவைத்து, அது நிற்கும்வரை அல்லது திரும்பும்வரை தொடர்ந்து சுடுங்கள். இதயம் துளைபட்ட பிறகும் கரடி பல நொடிகள் ஓடும். எலும்பை உடைக்கும் குண்டை நான் மேலே வற்புறுத்தியது இதற்காகவே.

தொலைவில் நின்று நோட்டமிடும் கரடிக்கு எச்சரிக்கை வெடி சில வேளை உதவும். பாய்ந்து வருவதற்கு அது உதவாது. அந்த இரண்டு நொடியில் ஒன்றைச் செலவிட்டுவிடுவோம். பாதியில் நின்று திரும்பிவிடும் பொய்ப் பாய்ச்சல்களே அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த இடைவெளிக்குத்தான் ஸ்ப்ரே.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். அலாஸ்காவில் உரிமமே தேவையில்லையாமே, வாங்கிக்கொள்ளலாமா?

இதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்களைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. 21 வயது நிறைந்தவர் உரிமமின்றி மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று அலாஸ்கா 2003-இலேயே சட்டம் செய்தது உண்மை. ஆனால் எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு), பி-2 (சுற்றுலா) போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. மீறினால் பெருங்குற்றம், விசாவும் போகும். செல்லத்தக்க வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல், நண்பரின் துப்பாக்கியைக்கூடக் கையில் வாங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவருக்கு இத்தடை இல்லை. ஆனால் அவரும் தம் சொந்த மாநிலத்தில்தான் கைத்துப்பாக்கி வாங்க முடியும், சுற்றுலா வந்த இடத்தில் வாங்கிக்கொண்டு போக முடியாது. விசாவில் இருக்கும் விருந்தினருக்கு என் வீட்டில் கிடைப்பது கரடி ஸ்ப்ரே ஒன்றே.

விமானத்தில் கொண்டு வரலாமா? காரில் கனடா வழியாக?

விமானத்தில், தோட்டா நீக்கிப் பூட்டிய கடினப் பெட்டியில் வைத்து, பயணப்பதிவு மேசையில் அறிவித்து, சரக்குப் பையாக அனுப்பலாம். ஸ்ப்ரேயைக் கைப்பையிலும் சரக்குப் பையிலும் கொண்டுவர முடியாது. ஆங்கரேஜில் இறங்கி வாங்குங்கள். கனடாவோ 2022-இல் கைத்துப்பாக்கி இறக்குமதியையும் விற்பனையையும் முடக்கிவிட்டது. கைத்துப்பாக்கியோடு அலாஸ்கா நெடுஞ்சாலையில் வரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். அது சுடுவதற்கான அனுமதி ஆகாது. பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் அதை எடுத்துச் செல்லவும் கூடாது.

உயிருக்குப் பயந்து சுட்டுவிட்டேன், கரடி செத்துவிட்டது. பிறகு?

முதலில் அங்கிருந்து விலகி, குட்டியோ துணைக் கரடியோ இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அலாஸ்காவில் உயிரையும் உடைமையையும் காக்கக் கரடியைக் கொல்வதைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் நீங்கள் அதைச் சீண்டியிருக்கக் கூடாது, உணவையோ குப்பையையோ கேட்பாரற்றுப் போட்டு வரவழைத்திருக்கவும் கூடாது. தோலை நகங்களோடு உரித்து, மண்டையோட்டையும் சேர்த்து மாநிலத்திடம் ஒப்படைக்க வேண்டும். உடனே தகவல் தெரிவித்து, 15 நாட்களுக்குள் எழுத்து வடிவில் அறிக்கை தர வேண்டும். கொன்றவருக்கு அதில் எதுவும் சொந்தமில்லை.

மொன்டானா, வயோமிங் பக்கம் என்றால் இன்னும் கவனம் தேவை: அங்கே கிரிஸ்லி 1975 முதல் மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள விலங்கு, உடைமையைக் காக்கக் கொன்றேன் என்ற வாதம் செல்லாது, உயிருக்கு நேர்ந்த ஆபத்தைத்தான் காட்ட வேண்டும். எங்கே ஆனாலும், இடத்தைக் கலைக்காமல், தோட்டாக் கூடுகளும் காலடித் தடங்களும் கிடந்தபடியே பல கோணங்களில் படம் எடுத்து வைத்துவிட்டு அதிகாரிகளை அழையுங்கள். கரடி எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதற்கு அந்தத் தடங்களே சாட்சி.